டாட்டன்ஹாம் கேலரியில் ஆர்சனல் ஜெர்சி போடலாமா?

லண்டனில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் 11 வயது மகன் ஆர்சனல் ஃபுட்பால் அணிமேல் பைத்தியம். அலுவலக நண்பர் ஒருவர் டாட்டன்ஹாம் மைதானத்தில் நடக்கும் டாட்டன்ஹாம்–ஆர்சனல் ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் இருக்கிறது, வாங்கிக்கொள் என்கிறார். ஆனால் அது டாட்டன்ஹாம் ரசிகர்கள் உட்காரும் பகுதி. பையன் ஜெர்சி போட்டுத்தான் வருவேன் என்கிறான். ஊரில் அம்மாவோ, இங்கிலாந்து ஃபுட்பால் என்றாலே அடிதடி, குழந்தையைக் கூட்டிப்போகாதே என்கிறார். போகலாமா? கூட்டம் நெருக்கினால் என்ன செய்வது?"

முதலில் நேரடியான பதில். பையனை மைதானத்துக்குத் தாராளமாகக் கூட்டிப்போங்கள். ஆனால் அந்த டிக்கெட்டில், அந்த ஜெர்சியோடு, அந்த ஆட்டத்துக்கு வேண்டாம்.

ஜெர்சி விஷயத்தை முடித்துவிடுவோம். இங்கே ஒவ்வொரு மைதானத்திலும் வந்து ஆடும் எதிரணியின் ரசிகர்களுக்கென்று தனி மூலை உண்டு, தனி நுழைவாயில், தனிக் கழிப்பறை, நடுவில் ஸ்டூவர்ட்கள் (கூட்டத்தைக் கவனிக்கும் மைதான ஊழியர்கள்) வரிசை. மைதானத்துக்குச் சொந்தமான அணியின் பகுதியில் எதிரணி ஜெர்சியோடு உட்கார்ந்தால், நீங்கள் வாயே திறக்காவிட்டாலும் ஸ்டூவர்ட் வந்து வெளியே அனுப்பலாம். டிக்கெட் விதியிலேயே அது இருக்கும், பணமும் திரும்பாது. அநியாயமாகத் தெரியும். ஆனால் ஆர்சனல் ஒரு கோல் போட்டு உங்கள் பையன் துள்ளிக் குதித்தால், சுற்றியிருக்கும் இருநூறு பேரில் ஒருவர் நிதானம் இழந்தாலும் நடுவில் மாட்டுவது அவன்தான். ஜெர்சியை மறைத்துக்கொண்டு, கைதட்டாமல், 90 நிமிடம் முகத்தை இறுக்கிக்கொண்டு உட்காரச் சொல்வது 11 வயதுக் குழந்தைக்குத் தண்டனை.

டிக்கெட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கிலாந்தில் ஃபுட்பால் டிக்கெட்டை கிளப்பின் அனுமதி இல்லாமல் விற்பது 1994 சட்டப்படி குற்றம், அச்சிட்ட விலைக்கே விற்றாலும் சரி. நண்பர் கிளப்பின் டிக்கெட் கணக்கு வழியாக முறையாக உங்கள் பெயருக்கு மாற்றித் தந்தால் மட்டும் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் வேண்டவே வேண்டாம். யார் எந்த இருக்கையில் இருக்கிறார் என்று கிளப்புக்குத் தெரிந்திருப்பதுதான் இரண்டு அணி ரசிகர்களையும் பிரித்து வைக்கும் ஏற்பாட்டின் அடிப்படையே.

இனி அம்மாவின் பயம். அது ஆதாரமில்லாத பயம் அல்ல. 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் ஒரு பலவீனமான வேலியைத் தாண்டிப் பக்கத்துப் பகுதிக்குள் பாய்ந்தார்கள், அங்கிருந்தவர்கள் பின்வாங்கி நெருங்கியதில் சுவர் இடிந்து 39 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் எதிரணியான இத்தாலியின் யுவென்டஸ் ரசிகர்கள். இங்கிலாந்து கிளப்புகளுக்கு ஐரோப்பியப் போட்டிகளில் ஐந்து வருடம் தடை. அம்மாவின் தலைமுறை இங்கிலாந்து ரசிகர்களைப் பற்றிக் கேள்விப்பட்டது இதைத்தான்.

ஆனால் அதற்குச் சரியாக 18 நாள் முன்பு, மே 11 அன்று, இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகர மைதானத்தில் பழைய மர கேலரி தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். பின்பக்கக் கதவுகளை நோக்கி ஓடியவர்களில் பலர், கதவு பூட்டியிருந்ததால் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். முன்பக்கம் ஆடுகளத்துக்கு ஓடியவர்கள் பிழைத்தார்கள், ஏனென்றால் அந்த கேலரிக்கு முன்னால் வேலி இல்லை. அந்தக் காலத்தில் ரசிகர் சண்டைக்குப் பயந்து பல மைதானங்களில் கூண்டு மாதிரி இரும்பு வேலி போட்டிருந்தார்கள். இங்கேயும் போட்டிருந்தால் எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று யோசித்தாலே நெஞ்சு பதறுகிறது. வேலியின் ஆபத்து அப்போதே கண்ணுக்குத் தெரிந்தும், பெரும்பாலான வேலிகளை யாரும் எடுக்கவில்லை.

நான்கு வருடம் கழித்து ஹில்ஸ்பரோ மைதானம். 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டு, லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் அரையிறுதி. லிவர்பூல் ரசிகர்கள் நின்று பார்க்கும் பகுதிக்கு டிக்கெட் 10,100. அதற்கான டர்ன்ஸ்டைல் (ஒவ்வொருவராக உள்ளே விடும் சுழல்வாயில்) வெறும் ஏழு. ஒரு டர்ன்ஸ்டைல் வழியே மணிக்கு அதிகபட்சம் 660 பேர் என்றுதான் இன்றைய பாதுகாப்புக் கையேடு கணக்கு வைக்கிறது, அப்படிப் பார்த்தால் அவர்களை உள்ளே விட இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். வாசலில் நெரிசல் கட்டுக்கடங்காமல் போக, 2.52-க்கு போலீஸ் ஒரு வெளியேறும் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே வந்தவர்களுக்கு எதிரே தெரிந்த சுரங்கவழி, ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுக் கூண்டுகளுக்குப் போனது. ஓரக் கூண்டுகளில் இடம் இருந்தது, அங்கே திருப்பிவிடத்தான் ஆள் இல்லை. மூச்சு முட்டி வேலி மேல் ஏறியவர்களைக் கலவரக்காரர்கள் என்று நினைத்து முதலில் திருப்பித் தள்ளினார்கள். ஆட்டத்தை 3.06-க்கு நிறுத்தினார்கள். இறந்தவர்கள் மொத்தம் 97 பேர். குடித்துவிட்டு வந்த ரசிகர்கள்தான் காரணம் என்று பல வருடம் பழி சொன்னார்கள். 2016-ல்தான் ஜூரி, ரசிகர்கள் மேல் தவறில்லை, அதுவரை இறந்திருந்த 96 பேரும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று தீர்ப்பு சொன்னது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. நீங்கள் அங்கே பார்க்கப்போகும் விதிகளில் பாதி சண்டைக்காக, பாதி நெரிசலுக்காக. சண்டையைத் தடுப்பதற்காக ஆளைப் பூட்டி வைத்தால் நெரிசல் கொன்றுவிடும். 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் மலாங் நகரில் களத்துக்குள் இறங்கிய ரசிகர்களை விரட்ட போலீஸ் கேலரிக்குள்ளேயே கண்ணீர்ப்புகை வீசி, எல்லோரும் குறுகலான கதவுகளுக்கு ஓடி, 135 பேர் இறந்ததும் அதே தவறுதான். மைதானத்துக்குள் கண்ணீர்ப்புகை கூடாது என்று ஃபிஃபாவின் பாதுகாப்பு விதியே சொல்கிறது.

இங்கிலாந்து அந்தத் தவறிலிருந்து வெளியே வந்த வழி இது: வேலியை எடுத்தார்கள், எல்லோருக்கும் இருக்கை போட்டார்கள், வாசலையும் படியையும் கணக்குப் பார்த்துத்தான் எத்தனை பேரை விடலாம் என்று முடிவு செய்கிறார்கள். வேலிக்குப் பதிலாகச் சட்டம். பொருள் எறிவது, இனவெறிக் கூச்சல், களத்துக்குள் இறங்குவது மூன்றும் 1991 முதல் குற்றம். மதுவை கேலரிக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் குடிக்கலாம், ஆடுகளம் தெரியும் இடத்துக்குக் கொண்டுவரக் கூடாது. புகைக்குண்டு, மத்தாப்பு வைத்திருந்தாலே சிறைவரை போகலாம். நீதிமன்றம் தடை உத்தரவு போட்டால் மூன்று முதல் பத்து வருடம் எந்த மைதானத்துக்கும் போக முடியாது, வெளிநாட்டு ஆட்டங்களின்போது பாஸ்போர்ட்டையும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். 2023 ஜனவரியில் இதே டாட்டன்ஹாம் மைதானத்தில் ஆர்சனல் கோல்கீப்பர் ராம்ஸ்டேலை உதைத்தவருக்கு நான்கு வருடத் தடை கிடைத்தது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

அப்புறம், போகும் நாளில். எந்த ஆட்டமானாலும் ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே உள்ளே இருங்கள். கடைசிப் பத்து நிமிடம்தான் வாசலில் மோசமான நேரம். பெரிய பை வேண்டாம், பல கிளப்புகள் ஏ4 தாள் அளவுக்கு மேல் விடுவதில்லை. உட்கார்ந்தவுடன் பையனுக்கு இரண்டு வெளியேறும் வழிகளைக் காட்டுங்கள், வந்த வழி ஒன்று, இன்னொன்று. உங்கள் ஃபோன் எண்ணை அவன் கையில் பேனாவால் எழுதுங்கள். படிகளில் நிற்கக் கூடாது என்று ஸ்டூவர்ட் சொன்னால் உடனே நகருங்கள், தப்பிக்கும்போது அதுதான் பாதை. இடம் வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்: 2022-லிருந்து சில மைதானங்களில் தடுப்புக் கம்பியோடு நின்று பார்க்கும் பகுதிக்கு அனுமதி உண்டு, டாட்டன்ஹாமின் தெற்கு கேலரியிலும் இருக்கிறது, அங்கே சிறுவனுக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும்.

நெருக்கினால் என்ன செய்வது? ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேர் ஆகிவிட்டால் நம் கால் நம் பேச்சைக் கேட்காது, கூட்டம் தண்ணீர் மாதிரி அலையடிக்கும். பெரும்பாலும் மிதிபட்டுச் சாவதில்லை, நின்ற நிலையில் மார்பு விரிய இடமில்லாமல்தான் மூச்சு போகிறது. அதனால் கைகளை மடக்கி மார்புக்கு முன்னால் வைத்து இடம் பிடியுங்கள். பையனை உங்களுக்கு முன்னால் நிறுத்தி இரண்டு கையாலும் அரண் கட்டுங்கள். மூச்சு முட்டுகிறது என்றால் தூக்கிவிடுங்கள். எதிர்த்துத் தள்ளாதீர்கள். அலை ஓயும் நொடியில் குறுக்காக, சாய்வாக ஓரத்துக்கு நகருங்கள். ஃபோன் விழுந்தாலும் குனியவே கூடாது. சுவரையும் வேலியையும் ஒட்டி நிற்காதீர்கள். ஆனால் இந்த நிலை வரும்வரை காத்திருக்காதீர்கள்: தோள்கள் இரண்டு பக்கமும் உரச ஆரம்பித்தாலே திரும்பி வந்துவிடுங்கள்.

சரி, பையன் ஆசை? ஆர்சனல் மகளிர் அணி இப்போது கிளப்பின் சொந்த எமிரேட்ஸ் மைதானத்தில் ஆடுகிறது. டிக்கெட் கிளப்பின் தளத்திலேயே கிடைக்கும், விலையும் குறைவு, கூட்டத்தில் பாதி குடும்பங்கள், இரண்டு அணி ஜெர்சிகளும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். முதல் ஆட்டத்துக்கு அவனை அங்கே கூட்டிப்போங்கள், அவன் ஜெர்சியோடு, தொண்டை கட்டும்வரை கத்தட்டும். ஆட்டம் முடிந்ததும் எல்லோரோடும் சேர்ந்து எழுந்து ஓடாமல் ஒரு கால் மணி நேரம் இருக்கையிலேயே இருந்துவிட்டுக் கிளம்புங்கள், ஆர்சனல் ஸ்டேஷன் வாசலில் அதற்குள் வரிசை குறைந்திருக்கும்.