பனியனுக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: பனிக்காலத்தில் கதகதப்பாக இருக்கப் போட்டதால்தான் பனியன் என்று பேர் வந்தது என்கிறார் என் மாமனார். நிஜமா?

பதில்: மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், ஒரு சம்பந்தமும் இல்லை. பனியன் என்பது முதலில் துணியே இல்லை, ஆள்! வடமொழி 'வணிஜ்', குஜராத்தியில் வியாபாரியைக் குறிக்கும் 'வாணியோ' ஆகி, கடல் கடந்து வியாபாரம் பார்த்த அந்த ஆட்களை அயல்நாட்டார் 'பனியன்' என்று அழைக்க, அது போர்த்துகீசியர் வழியாக ஆங்கிலத்துக்கும் போனது. நம் 'வணிகன்' அந்தச் சொல்லுக்கு உறவுக்காரன்தான். பாரசீக வளைகுடாக் கரையில் இந்த வியாபாரிகள் ஒரு ஆலமரத்தடியில் கூடியதைப் பார்த்துத்தான் ஆங்கிலேயர்கள் ஆலமரத்துக்கே 'பனியன் ட்ரீ' (banyan tree) என்று அவர்கள் பெயரை வைத்தார்கள்.

சரி, ஆள் எப்படி உடுப்பானார்? 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் கனவான்கள் வீட்டுக்கு வந்ததும் பொய்முடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு தொளதொள அங்கியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அந்த வியாபாரிகளின் பெயரே அதற்கும் ஒட்டிக்கொண்டு பனியன் ஆனது. நாட்குறிப்பு எழுதிப் பேர் வாங்கிய சாமுவேல் பெப்பிஸ் 1666-ல் தன்னைப் படம் வரையச் சொன்னபோது அந்த மாதிரி ஒரு 'இந்திய அங்கி'யை வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டார், அந்தப் படம் இன்றும் லண்டனில் இருக்கிறது. இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்களோ அதே சொல்லை மெல்லிய மஸ்லின் உள்சட்டைக்கு வைத்தார்கள். 1886-ல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில், இழுத்தால் நீளும் பின்னல் துணி உள்ளாடைக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது.

நாம் அதோடு விட்டோமா? டி-ஷர்ட் தைத்து அனுப்பும் திருப்பூர் ஆலையும் நமக்குப் பனியன் கம்பெனிதான். மெக்கானிக் கடையில் கிரீஸ் கையைத் துடைக்கும் கத்தரித்த துணியும் 'பனியன் வேஸ்ட்'தான், அதில் யாரும் பனியனைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: அப்படியானால் முண்டா பனியனில் 'முண்டா' யார்?

பதில்: அது ஆள் இல்லை, உங்கள் தோளும் புஜமும். 'முண்டா தட்டுகிறான்' என்கிறோமே, அதேதான். கை இல்லாததால் முண்டா வெளியே தெரிகிறது, இருக்கிறவர்களுக்கு.