பாய்மரப் படகின் கழிவறைக் குழாய்க்குப் பச்சை சக்‌ஷன் ஹோஸ் போடலாமா?

கேள்வி: நான் மதுரைக்காரன். நண்பர்களோடு சேர்ந்து வாங்கிய 32 அடிப் பழைய பாய்மரப் படகு கொச்சியில் நிற்கிறது. எங்கும் ஒழுகவில்லை, ஆனாலும் உள்ளே கழிவறை நாற்றம் தாங்க முடியவில்லை. குழாய்களை மாற்ற வேண்டுமா? பம்புசெட்டுக்கு விற்கும் பச்சை சக்‌ஷன் ஹோஸை மதுரையிலேயே வாங்கிக்கொண்டு போகலாமா?

பதில்: வளைகுடா நாடொன்றில் படகுப் பட்டறையில் 11 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது திருப்பரங்குன்றத்தில் வீடுகளுக்குக் குழாய் வேலை செய்துவருகிறேன். பச்சை ஹோஸ் கிணற்றிலிருந்து வயலுக்குத் தண்ணீர் இறைக்க நல்ல பொருள். படகின் கழிவறைக்கு அதை வாங்காதீர்கள்.

ஒழுகல் இல்லை என்பதுதான் உங்களைக் குழப்புகிறது. வீட்டில் நாற்றம் வந்தால் எங்கே கசிகிறது, ட்ராப்பில், அதாவது வாடையைத் தடுக்கத் தண்ணீர் நிற்கும் குழாய் வளைவில், தண்ணீர் வற்றிவிட்டதா என்று பார்ப்போம். படகிலோ குழாய் ஒரு சொட்டும் கசியாமல் இருக்கும்போதே அதன் சுவர் வழியாக வாடை வெளியேறும். வளையக்கூடிய ஹோஸின் ரப்பரும் வினைலும், உள்ளே தேங்கும் கழிவின் வாயுவை ஆண்டுக்கணக்கில் உறிஞ்சி, ஒரு கட்டத்தில் வெளியே விடத் தொடங்கும். வெப்பம் கூடினால் இது இன்னும் விரைவாக நடக்கும்.

ஆகவே முதலில் சோதித்துப் பாருங்கள். சுத்தமான பருத்தித் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து ஹோஸின் மேல் சுற்றி, ஆறியபின் எடுத்து, படகுக்கு வெளியே காற்றோட்டத்தில் நின்று முகர்ந்து பாருங்கள். துணியில் நாற்றம் ஏறியிருந்தால் அந்த ஹோஸை மாற்றத்தான் வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் புதுத் துணி வேண்டும், ஏனெனில் ஒரு பகுதி கெட்டிருக்க மற்றவை நன்றாக இருப்பதும் உண்டு. இன்னொன்றையும் கவனியுங்கள்: சில நாள் பூட்டிக் கிடந்த படகில் கழிவறையின் கைப்பம்பை முதல் முறை அடிக்கும்போது மட்டும் அழுகிய முட்டை வாடை வந்தால், அது பெரும்பாலும் கழிவுக் குழாயின் குற்றமன்று. கழிவறையை அலசக் கடல்நீரை உள்ளிழுக்கும் சிறிய 19 மில்லிமீட்டர் குழாயில் தேங்கிய நுண்ணுயிர்கள் செத்து அழுகிய வாடை அது. அதற்குக் கழிவு ஹோஸை மாற்றிப் பயனில்லை.

பச்சை ஹோஸை ஏன் மறுக்கிறேன் என்றால், சுருளாக ஓடும் விறைப்பான வளையங்களுக்கு நடுவே அதில் இருப்பது மெல்லிய வினைல்தான். தண்ணீருக்கு அது போதும், வாடையைத் தடுக்கப் போதாது. வெளிப்புறம் மேடுபள்ளமாக இருப்பதால் ஹோஸை முனையில் இறுக்கும் கிளாம்ப் சீராக உட்காருவதும் இல்லை. படகுக் கழிவறைக்கென்றே செய்த, உட்புறம் வழவழப்பான, சுவர் தடித்த ஹோஸைக் கொச்சியிலேயே விசாரித்து வாங்குங்கள். கழிவுப் பக்கத்துக்கு உள்விட்டம் பெரும்பாலும் 38 மில்லிமீட்டர்தான், இருந்தாலும் பழைய இணைப்பை அளந்துவிட்டே வாங்குங்கள். நேராகப் போகும் நீளம் இருந்தால் அங்கே நம் வீடுகளில் போடுவதுபோல விறைப்பான பிவிசி குழாயைப் போட்டு, இரு முனைகளிலும் மட்டும் ஹோஸ் துண்டு சேர்ப்பது எனக்கு மிகவும் பிடித்த முறை, ஏனென்றால் பிவிசியின் சுவரை வாடை ஊடுருவாது.

கழற்றும் வேலையில்தான் பொறுமை வேண்டும். கழிவுத் தொட்டியை முழுவதும் காலி செய்து, நல்ல தண்ணீர் விட்டுப் பலமுறை அலசி, படகின் அடியில் உள்ள கடல் வால்வுகளை மூடிய பிறகே கிளாம்ப்பில் கை வையுங்கள். மேல்தளத் திறப்புகள் எல்லாம் திறந்திருக்கட்டும். செப்டிக் டேங்குக்குள் இறங்கியவர்கள் மயங்கி இறந்த செய்தியை நம் ஊரில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அங்கே உயிரைக் குடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு இங்கேயும் உண்டு. அளவு கூடினால் அது மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும் என்பதால், வாடை அடங்கிவிட்டது என்று நம்பி உள்ளே தங்கிவிடக் கூடாது.

பழைய ஹோஸ் இணைப்பை இறுகப் பிடித்திருக்கும். இழுக்காதீர்கள். என் முதல் ஆண்டில் அவசரப்பட்டு இழுத்துத் தொட்டியின் பிளாஸ்டிக் முனையை முறித்துவிட்டேன். ஹோஸை மாற்றப் போன வேலை தொட்டியையே மாற்றுவதில் முடிந்தது, அந்தச் செலவு படகுக்காரர் தலையில் விழுந்ததை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஹீட் கன்னால் மிதமாகச் சூடாக்கி, முனையில் கீறல் விழாதபடி கத்தியால் நீளவாக்கில் ஹோஸைக் கிழித்தால் தோல்போல உரிந்து வரும். வெட்டிய துண்டின் உள்ளே பாருங்கள். போர் தண்ணீரால் நம் வாட்டர் ஹீட்டரில் உப்புப் படிவதுபோல, கடல்நீரின் கால்சியமும் சிறுநீரும் சேர்ந்து கல்லாகப் படிந்து துவாரத்தைப் பாதியாகக் குறுக்கியிருக்கும். பம்ப் கனமாக அடிப்பதற்கும் அதுவே காரணம்.

மறைவான இடுக்குகளில் போகும் ஹோஸை உருவும்போது அதன் வாலில் உறுதியான கயிற்றைக் கட்டிவிடுங்கள். அந்தக் கயிறுதான் புதிய ஹோஸை அதே வழியில் இழுத்துவரும். புதிய ஹோஸின் முனையைக் கொதிக்கும் அளவுக்குச் சூடான நீரில் ஓரிரு நிமிடம் வைத்து, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் தடவினால் இணைப்பில் முழு ஆழத்துக்கும் ஏறும். கிரீஸ் வேண்டாம், அது ரப்பரைக் கெடுக்கும். ஒவ்வொரு முனைக்கும் துருப்பிடிக்காத எஃகு கிளாம்ப் இரண்டு போட்டு, திருகுகள் எதிரெதிர்ப் பக்கம் இருக்குமாறு இறுக்குங்கள்.

விலை உயர்ந்த ஹோஸையும் கெடுப்பது பாதைதான். நடுவில் தொய்ந்து கிடக்கும் இடத்தில் கழிவு தேங்கும், தேங்கும் இடத்தில்தான் வாடை ஊறும். வீட்டில் கழிவுக் குழாய்க்கு வாட்டம் பார்க்கிறோம் அல்லவா? அதே கண்ணோடு இங்கேயும் ஒவ்வொரு தொய்வையும் தாங்கி கொடுத்து நிமிர்த்துங்கள். நீர்மட்டத்துக்கு மேலே ஏறி வளையும் காற்று வால்வு உள்ள பகுதியை இடம் மிச்சம் என்று நீக்கிவிடக் கூடாது, கடல்நீர் சைஃபனாக, அதாவது தானாகவே உறிஞ்சப்பட்டு, திரும்பி வந்து படகை மூழ்கடிக்காமல் காப்பது அதுவே. காற்று வால்வின் வாய் அடைபட்டிருந்தால் சுத்தம் செய்யுங்கள்.

வேலை முடிந்தபின் பம்ப் அடிக்கும் பழக்கத்தையும் நீங்கள் எல்லோரும் மாற்றிக்கொள்ள வேண்டும். 38 மில்லிமீட்டர் ஹோஸ் ஒரு மீட்டருக்குச் சுமார் 1.1 லிட்டர் பிடிக்கும். உங்கள் ஹோஸ் 3 மீட்டர் என்றால் கழிவறைக் கிண்ணம் சுத்தமானபின்னும் 3 லிட்டருக்கு மேல் நீர் போனால்தான் கழிவு தொட்டியைச் சேரும். அதற்கு முன் நிறுத்தினால் அது குழாயிலேயே நிற்கும். படகைப் பூட்டிவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறும் நாளில், கடல்நீருக்குப் பதிலாக இரண்டு வாளி நல்ல தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி, முழுவதும் பம்ப் அடித்து வெளியேற்றிவிட்டு வாருங்கள்.