குழந்தை பிறந்தால் கம்பெனி இன்ஷூரன்ஸில் எப்போது சேர்ப்பது?

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கிறேன். ஓபன் என்ரோல்மென்ட் (ஆண்டுக்கு ஒருமுறை கம்பெனி இன்ஷூரன்ஸைத் தேர்வு செய்யும் காலம்) நவம்பரிலேயே முடிந்துவிட்டது. மார்ச்சில் குழந்தை பிறக்கும். அடுத்த நவம்பர் வரை காத்திருக்க வேண்டுமா? மனைவியும் என் பிளானில் இல்லை.
– வாசகர், நியூ ஜெர்சி

பதில்: வேண்டியதில்லை. பிரீமியம் வரிக்கு முன் சம்பளத்தில் பிடிக்கப்படுவதால், வரிச்சட்டத்தின் 125-வது பிரிவுப்படி நடு வருடத்தில் நினைத்தபடி மாற்ற முடியாது. ஆனால் குழந்தைப் பிறப்பு, திருமணம், வேறு இன்ஷூரன்ஸ் கைநழுவுவது போன்றவை விதிவிலக்கு. பிறந்த நாளிலிருந்து குறைந்தது 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் கேட்டுவிட்டால் கவரேஜ் பிறந்த தேதியிலிருந்தே செல்லும். பலர் கவனிக்காத விஷயம்: அதே சமயத்தில் மனைவியையும் சேர்க்கலாம். பிரசவச் செலவுக்கு மட்டும் இதை நம்பி இருந்துவிடாதீர்கள். பிறப்புக்கு முந்தைய நாட்களுக்கு அவருக்கு கவரேஜ் கிடைக்காது.

சறுக்குவது எங்கே என்றால், ஆஸ்பத்திரியில் பெயர் பதிவானதும் இன்ஷூரன்ஸிலும் சேர்ந்துவிட்டதாக நினைப்பதில்தான். கம்பெனியின் பெனிஃபிட்ஸ் தளத்தில் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். குழந்தைக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்க அரசு தரும் அடையாள எண்) வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் 30 நாள் ஓடிவிடும். முதலில் விண்ணப்பியுங்கள், எண்ணைப் பிறகு கொடுப்பது எப்படி என்று எச்.ஆரிடம் கேளுங்கள். விண்ணப்பித்த தேதி தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள்.

கேள்வி: இந்த வருட ஓபன் என்ரோல்மென்ட்டில் எதையும் மாற்றவில்லை. பழையதே தொடருமா?

பதில்: மெடிக்கல் பிளான் பல கம்பெனிகளில் தானாகத் தொடரும். எஃப்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவு போன்றவற்றுக்கு வரிக்கு முன் சம்பளத்தில் பணம் ஒதுக்கும் கணக்கு) பொதுவாகத் தொடராது, தொகையை ஆண்டுதோறும் புதிதாகக் குறிப்பிட வேண்டும்.