எட்டாம் கிரேடு முடித்தால் சீட் கிடைக்குமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். மதுரை திருநகரிலிருந்து எழுதுகிறேன். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஏழு வயதிலிருந்து பியானோ கற்றுக்கொள்கிறாள். லண்டனைச் சேர்ந்த ட்ரினிட்டி அமைப்பு நடத்தும் இசைத் தேர்வில் ஐந்தாம் கிரேடு மெரிட்டில் தேறியிருக்கிறாள். எட்டாம் கிரேடு வரை முடித்தால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் கூடுதல் புள்ளி கிடைக்கும், இங்கேயும் கல்லூரிச் சேர்க்கையில் மதிப்பு உண்டு என்று அவள் போகும் இசைப்பள்ளியில் சொல்கிறார்கள். அதை நம்பித்தான் இத்தனை வருஷம் பணம் கட்டினோம். அவள் அப்பாவோ, பிளஸ் ஒன் வந்துவிட்டால் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும், என்ஜினீயரிங் கட்-ஆஃப்தான் முக்கியம் என்கிறார். என் தம்பி லண்டனில் இருப்பதால் அங்கே அனுப்பும் யோசனையும் உண்டு. இப்போது ஆறாம் கிரேடுக்குப் பணம் கட்டச் சொல்லி மிஸ் கேட்கிறார். கட்டலாமா? இந்தத் தேர்வுகள் உண்மையிலேயே உதவுமா?

க.

*

அன்புள்ள க.,

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் என்ஜினீயரிங் சீட்டுக்கு அந்தச் சான்றிதழ் உதவாது. லண்டனுக்கு அனுப்பினாலும், உங்கள் மகள் விஷயத்தில் அநேகமாக உதவாது. ஆனால் அதற்காகப் பியானோவை நிறுத்தச் சொல்ல மாட்டேன். நிறுத்தக் கூடாது என்பதுதான் என் கருத்து.

இங்குள்ள நிலவரத்தை முதலில் பார்த்துவிடுவோம். பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக மொத்தம் 200. தரவரிசை இதை வைத்துத்தான். விளையாட்டு வீரர்களுக்கும், முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் தனி ஒதுக்கீடு உண்டு. இசைக்கு இல்லை. மருத்துவத்துக்கு நீட் மதிப்பெண், அது 720க்கு. அங்கேயும் இசைக்கு வேலை இல்லை.

விதிவிலக்காக இரண்டு இடங்களைச் சொல்லலாம். சென்னை ஐ.ஐ.டி. 2025-26 கல்வியாண்டில் நுண்கலைகளில் சிறந்தவர்களுக்கு ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் இரண்டு இடங்கள் என்று ஒதுக்கத் தொடங்கியது. ஆனால் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தரவரிசையில் பெயர் இருந்தால்தான் அந்தக் கதவருகே போகவே முடியும். அப்புறம் தில்லிப் பல்கலைக்கழகம். அங்கே கலைத் திறமைகளுக்கென்று கூடுதல் இடங்கள் இருக்கின்றன, மேற்கத்திய வாத்தியங்களும் அதில் அடக்கம். க்யூட் (CUET) என்ற பொது நுழைவுத் தேர்வை எழுதியிருக்க வேண்டும், நேரில் வாசித்தும் காட்ட வேண்டும். அந்தச் சில நிமிட வாசிப்புதான் அங்கே முக்கியம்.

இனி லண்டன். உங்கள் இசைப்பள்ளி சொல்வது பொய் இல்லை. பாதி உண்மை, அவ்வளவுதான். பிரிட்டனில் யூகாஸ் என்ற அமைப்பு வழியாகத்தான் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறார்கள். அவர்களிடம் ஒரு புள்ளிக் கணக்கு இருக்கிறது. ட்ரினிட்டி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். போன்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு அமைப்புகளின் வாசிப்புத் தேர்வுகளில் ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று கிரேடுகளுக்கு மட்டும் அதில் புள்ளி உண்டு. ஆறாம் கிரேடில் வெறும் பாஸ் என்றால் 8, டிஸ்டிங்ஷன் என்றால் 12. எட்டாம் கிரேடு பாஸுக்கு 18, மெரிட்டுக்கு 24, டிஸ்டிங்ஷனுக்கு 30. நம் பிளஸ் டூ போல அவர்கள் ஊரில் இருக்கும் ஏ-லெவல் தேர்வில் ஒரு பாடத்தில் ‘சி’ வாங்கினால் 32, ‘ஏ’ வாங்கினால் 48. அப்படியானால் எட்டாம் கிரேடு டிஸ்டிங்ஷன் கிட்டத்தட்ட ஒரு பாடத்துக்குச் சமம். படித்தால் ஆசை வரத்தான் செய்யும்.

ஆனால் அந்தப் புள்ளிகள் எதோடு கூட்டப்படும் என்று பாருங்கள். ஏ-லெவல் எழுதும் பிள்ளைக்கு அதன் புள்ளிகளோடு கூட்டுவார்கள். நம் பிளஸ் டூ மாணவர்களிடம் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் கேட்பது விழுக்காட்டைத்தான். மொத்தத்தில் இத்தனை, கணிதத்தில் இத்தனை, ஆங்கிலத்தில் இத்தனை என்று. விழுக்காட்டோடு 30 புள்ளியைக் கூட்ட வழி கிடையாது. உங்கள் மகள் ஏதாவதொரு சர்வதேசப் பள்ளியில் சேர்ந்து ஏ-லெவல் எழுதினால் கதை கொஞ்சம் மாறும். அப்போதும் எல்லா இடத்திலும் செல்லாது. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் புள்ளிக் கணக்கே பார்ப்பதில்லை. இந்தப் பாடத்தில் இந்த கிரேடு வேண்டும் என்றுதான் கேட்பார்கள். புகழ்பெற்ற மற்ற இடங்களிலும் பெரும்பாலும் அப்படித்தான். பிரிட்டன் பிள்ளைகளுக்காக எழுதிய விளம்பர வாசகம் அப்படியே திருநகர் வரை வந்து சேர்ந்திருக்கிறது. அதை நம்பி நம் குடும்பங்கள் வருஷக்கணக்காகச் சம்பளத்திலிருந்து பணம் எடுத்துக் கட்டுகின்றன என்பது எனக்கு வருத்தம் தருகிறது. பணம் வாங்கும் இடத்தில் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

சரி, விண்ணப்பத்தில் இசைக்கு இடமே இல்லையா? இருக்கிறது. 2026 சேர்க்கையிலிருந்து யூகாஸ் விண்ணப்பக் கட்டுரையை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள். மூன்றாவது கேள்வி, படிப்புக்கு வெளியே என்னவெல்லாம் செய்து உன்னைத் தயார்படுத்திக்கொண்டாய், அது எப்படிப் பயன்படும் என்பது. அமெரிக்க விண்ணப்பத்திலும் பத்து செயல்பாடுகள் வரை எழுத இடம் தருகிறார்கள். சில பல்கலைக்கழகங்கள் வாசித்த பதிவையும் அனுப்பச் சொல்கின்றன. இங்கெல்லாம் “ஐந்தாம் கிரேடு, மெரிட்” என்ற ஒரு வரி பெரிதாக எதையும் சொல்லாது. மூன்று வருஷம் சர்ச் பாடகர் குழுவுக்கு வாசித்தேன், மார்கழி முழுக்க ஒத்திகை இருந்தது, ஒரு பாட்டைக் குழுவின் சுருதிக்கு மாற்றி எழுதினேன் என்றால் படிப்பவருக்கு ஒரு ஆள் தெரிகிறாள். இசையையே பட்டப்படிப்பாகப் படிக்கப் போகிறாள் என்றால் மட்டும் எட்டாம் கிரேடுத் தரம் உண்மையிலேயே தேவைப்படும். அங்கேயும் வாசித்துக் காட்டித்தான் இடம் வாங்க வேண்டியிருக்கும்.

இனி உங்கள் வீட்டில் நடக்கும் விவாதத்துக்கு வருகிறேன். நீங்கள் கிரேடுக்காக பியானோ தொடரட்டும் என்கிறீர்கள். அவள் அப்பா, கிரேடு பயன்படாது என்றால் பியானோவும் வேண்டாம் என்பார். இரண்டு பேருமே தேர்வையும் வாசிப்பையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டீர்கள். நான் அவிழ்க்கச் சொல்கிறேன். இரண்டு வருஷம் தேர்வை நிறுத்தலாம், வாசிப்பை நிறுத்த வேண்டாம்.

ஏன் என்றால், தேர்வு எங்கும் போய்விடாது. இந்தக் கிரேடுகளுக்கு வயது வரம்பு கிடையாது. ஐந்து முடித்தவர் அடுத்து ஆறுதான் எழுத வேண்டும் என்றும் இல்லை. கை தயாராக இருந்தால் நேரே எட்டுக்கே போகலாம். (ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மில் மட்டும், ஆறிலிருந்து மேலே போக ஐந்தாம் கிரேடு தியரி என்ற எழுத்துத் தேர்வோ அதற்கு ஈடான ஒன்றோ முடித்திருக்க வேண்டும். ட்ரினிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை.) இருபது வயதிலும் எழுதலாம், நாற்பதிலும் எழுதலாம். ஆனால் விரல்கள் அப்படிக் காத்திருக்காது. பிளஸ் டூவுக்காக மிருதங்கத்தை உறையில் போட்டுக் கட்டிவைத்த பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். பரீட்சை முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லா வீட்டிலும் சொன்னார்கள். திரும்ப எடுத்தவர்கள் குறைவு. இரண்டு வருஷ இடைவெளிக்குப் பிறகு கையில் வரும் சத்தத்தைக் கேட்டு அந்தப் பிள்ளைகளுக்கே வெறுத்துப்போகிறது.

தினம் அரை மணி நேரம் போதும். கட்-ஆஃப் அந்த அரை மணியில் குறையாது. அதைவிட அதிக நேரம் போன் எடுத்துக்கொள்கிறது என்பது அவள் அப்பாவுக்கும் தெரிந்திருக்கும்.

கிரேடு முறையை நான் மட்டமாகப் பேசுவதாக நினைக்காதீர்கள். ஏ.பி.ஆர்.எஸ்.எம். 1889இல் தொடங்கியது, ட்ரினிட்டி அதைவிடப் பழையது. இத்தனை காலம் நிலைத்திருக்கக் காரணம் இருக்கிறது. ஸ்கேல் என்ற ஸ்வர வரிசைகள், முன்பின் பார்க்காத இசைக்குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பது, காதால் கேட்டு இனம் காண்பது என்று, சோம்பல்பட்டு விட்டுவிடக்கூடிய எல்லாவற்றையும் அது செய்ய வைக்கிறது. உறவும் பழக்கமும் இல்லாத ஒருவர் கேட்டு, இந்த இடம் நன்றாக இருந்தது, இந்த இடம் சரியில்லை என்று எழுதித் தருகிறார். அது பிள்ளைக்குப் பெரிய விஷயம். உங்கள் மகளின் மதிப்பெண் தாளை எடுத்து, மொத்தத்தை விட்டுவிட்டு அந்தக் குறிப்புகளைப் படியுங்கள்.

ஆனால் வருஷத்துக்கு மூன்று பாடல் என்று தேர்வுக்காகவே வாசிக்கும் பிள்ளைகளுக்கு, பக்கத்தில் ஒருவர் பாடினால் கூடவே வாசிக்கத் தெரியாமல் போகிறது. மதுரையில் இருந்துகொண்டு அப்படி ஆவது எனக்குத் தாங்கவில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமியும் மதுரை மணி ஐயரும் பிறந்த ஊர் இது. உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பசுமலையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. வீணையும் வயலினும் நாதஸ்வரமும் தவிலும் கற்கும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். தல்லாகுளம் லட்சுமி சுந்தரம் ஹாலில் கச்சேரி இருந்தால் ஒருநாள் கூட்டிப்போங்கள். மேற்கத்திய இசை கற்கும் பெண்ணுக்கு அது எதற்கு என்று யோசிக்க வேண்டாம். பாடகர் ஒரு சங்கதியை, அதாவது ஒரு வரியைப் பாடும் விதத்தை, மாற்றினதும் வயலின்காரர் எப்படி உடனே பிடித்துக்கொள்கிறார் என்று அவள் பார்க்கட்டும். பள்ளி ஆண்டு விழாவில் பாடும் தோழிக்கு வாசிக்கச் சொல்லுங்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் மதுரை சர்ச்சுகளில் கீதங்களுக்கு வாசிக்க ஆள் தேடுவார்கள், மிஸ்ஸிடம் விசாரியுங்கள்.

கடைசியாக, பணம் கட்டும் விஷயம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடியும் வரை கட்ட வேண்டாம். அதன் பிறகு கோடை விடுமுறை இருக்கிறது. ஆறாம் கிரேடுப் பாடல்களில் அவளுக்கே பிடித்தது ஒன்றிரண்டு இருந்து, தானாக எழுத விரும்பினால், அப்போது கட்டுங்கள். நேரில் போக நாள் ஒத்துவராவிட்டால் வாசிப்பதை வீடியோ எடுத்து அனுப்பும் தேர்வும் இருக்கிறது. விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள். மிஸ்ஸிடம், இரண்டு வருஷத்துக்குத் தேர்வு இல்லை, வாரம் ஒரு வகுப்பு மட்டும் வேண்டும் என்று தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். தேர்வு எழுதாவிட்டால் வகுப்பும் இல்லை என்று அங்கே சொன்னால் வேறு ஆசிரியரைத் தேடலாம்.