பட்டர் ஃப்ரூட் மரத்தைப் பூவிலேயே குத்தகைக்கு விடலாமா?

கேள்வி: கீழ்ப்பழனி மலையில் பண்ணைக்காடு பக்கம் எங்கள் ஊர். எனக்கு 70 சென்ட் காப்பித் தோட்டம். கொஞ்சம் மிளகு, நடுநடுவே 14 பட்டர் ஃப்ரூட் மரம். தை மாதம் பூவைப் பார்த்து வியாபாரி மரத்துக்கு 1,200 ரூபாய் கொடுத்துவிட்டுப் போவார். ஆடியில் வந்து பறித்துக்கொள்வார். எங்கள் சுய உதவிக் குழுவில் ஒன்பது பேர். மூன்று பேருக்கு நிலமே கிடையாது, கூலி வேலைதான். கடன் வாங்கி ஜாம் போடலாம் என்கிறார்கள் சிலர், நாற்றுப் பண்ணை வைக்கலாம் என்கிறார்கள் சிலர். எதைச் செய்யலாம் ஐயா?

பதில்: ஜாமை இப்போதைக்கு விட்டுவிடுங்கள் அம்மா. பட்டர் ஃப்ரூட்டைச் சூடாக்கினால் கசக்கும், அது ஜாமுக்கான பழமே இல்லை. வேறு பழம் வாங்கிப் போடலாம் என்றால், பழம், சர்க்கரை, பாட்டில், மூடி, லேபிள் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பணம் போட வேண்டும். கொடைக்கானல் கடைகளில் ஏற்கெனவே வரிசையாக நிற்கிற பாட்டில்களோடு போட்டியும் போட வேண்டும். மானியம் கிடைக்கும் என்பார்கள். சிறு உணவுத் தொழிலுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் 35 சதவீதம் மானியம் என்றால், மீதி 65 நீங்கள் கட்ட வேண்டிய காசு. முதல் தொழிலாக இது வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு. தையில் 1,200 வாங்கி ஆடியில் காய் கொடுக்கிறீர்கள். இதை விற்பனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், ஆனால் இது கடன். வட்டியைப் பழமாகக் கட்டுகிறீர்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மரத்தில் 200 காய், காய்க்குக் கால் கிலோ என்றால் 50 கிலோ. ஐந்தில் ஒரு பங்கு அடிபட்டும் அழுகியும் போகும், 40 கிலோ தேறும். கிலோ 60 ரூபாய்க்குப் போனால் 2,400. அதில் மண்டிக் கமிஷன் நூற்றுக்குப் பத்து என்று 240, வண்டி வாடகை 200, பறிப்புக் கூலி 250 கழியும். கையில் 1,710 நிற்கும். வியாபாரி தந்ததைவிட 510 ரூபாய் அதிகம். 1,200 ரூபாய்க்கு ஆறு மாதத்தில் 510 ரூபாய், அதாவது நூற்றுக்கு 42 ரூபாய்க்கு மேல் வட்டி! உங்கள் குழுவிலேயே மாதம் 2 ரூபாய் வட்டிக்கு உள்கடன் எடுத்தால் அதே ஆறு மாதத்துக்கு 12 ரூபாய்தான் ஆகும்.

வியாபாரியைக் குறை சொல்ல மாட்டேன். காற்றில் பிஞ்சு உதிர்ந்தாலும், குரங்கு புகுந்தாலும் நட்டம் அவருக்கு. விலை 45-க்கு இறங்கினால் நீங்களே விற்றாலும் 1,170தான் கிடைக்கும், அவர் கொடுத்ததைவிடக் குறைவு. அதனால் எல்லா மரத்தையும் ஒரே வருஷத்தில் நிறுத்திக்கொள்ளச் சொல்லவில்லை. இந்தத் தையில் ஒன்பது மரத்தைக் கொடுங்கள், ஐந்தை வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து மரத்துக்கு வர வேண்டிய 6,000 ரூபாயை உள்கடனாக எடுங்கள். குழுவில் மரம் வைத்திருக்கும் மற்றவர்களும் இப்படியே செய்தால் ஒரு வண்டிக்குக் காய் சேரும், வாடகையும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரியும்.

அப்புறம் பறிப்பு. லாபமும் நட்டமும் இங்கேதான் முடிவாகிறது. போன வருஷம் ஒரு தோட்டத்தில் நின்று பார்த்தேன். கிளையை உலுக்கி, கீழே விழுந்ததைச் சாக்கில் அள்ளிக் கட்டினார்கள். சாயங்காலம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நாலாம் நாள் ஒரு காயை அழுத்தினால் விரல் உள்ளே போகிறது, அறுத்தால் சதை கறுத்திருக்கிறது. பட்டர் ஃப்ரூட் மரத்தில் பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும். பறிக்கும்போது பட்ட அடி அதனால் அன்றைக்குத் தெரியாது, வாங்கியவர் வீட்டில்தான் தெரியும். அடுத்த முறை அவர் வாங்க மாட்டார். தொரட்டி நுனியில் வலைப்பை கட்டி ஒவ்வொன்றாகப் பறியுங்கள். காம்பைப் பிடுங்காமல் சிறு துண்டு விட்டு வெட்டுங்கள், பிடுங்கிய இடத்தில்தான் அழுகல் தொடங்கும். சாக்கு வேண்டாம். பிளாஸ்டிக் கிரேட்டில் அடியில் வைக்கோலோ காகிதமோ போட்டு அடுக்குங்கள்.

முற்றியதா என்று சந்தேகம் வந்தால் ஒரு காயை அறுத்துக் கொட்டையைப் பாருங்கள். கொட்டையின் மேல்தோல் வெளுத்துத் தடிப்பாக இருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். மெலிந்து பழுப்பாகியிருந்தால் பறிக்கலாம். முற்றாத காய் பழுக்காது, சுருங்கி ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

பெரிது, நடுத்தரம், சிறிது என்று பிரித்துவிட்டே அனுப்புங்கள். கலந்து அனுப்பினால் சிறிய காயின் விலைதான் எல்லாவற்றுக்கும் விழும். பெரியதை வத்தலக்குண்டு மண்டிக்கு அனுப்பலாம். கொஞ்சத்தைப் பண்ணைக்காடு பிரிவில் ஒரு மேசை போட்டுச் சுற்றுலா வண்டிகளுக்கு விற்றுப் பாருங்கள், அதில் கமிஷன் இல்லை. பறிப்பு, தரம் பிரிப்பு, மேசை மூன்றையும் நிலமில்லாத அந்த மூன்று பேருக்குக் கூலி பேசிக் கொடுங்கள். வெளியாளுக்குப் போகிற காசு குழுவுக்குள்ளேயே சுற்றும்.

நாற்றுப் பண்ணையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அதுவும் அந்த மூன்று பேருக்காகவே. இரண்டு சென்ட் இடம், நிழல், தண்ணீர் இருந்தால் போதும். ஆனால் வெறும் விதைக்கன்று விற்காதீர்கள். பட்டர் ஃப்ரூட் பூ முதல் முறை பெண்ணாக விரியும், மூடி, மறுநாள் ஆணாக விரியும். பக்கத்து மரத்து மகரந்தம் சேர்ந்துதான் பெரும்பாலும் காய்க்கிறது, அதனால் கொட்டையிலிருந்து வரும் கன்று தாயைப்போல இருக்காது. காய்க்கவும் ஐந்தாறு வருஷத்துக்கு மேல் ஆகலாம். ஒட்டுக்கன்று என்றால் மூன்று நான்கு வருஷத்தில் காய்க்கும், தாயின் குணமும் அப்படியே வரும். உங்கள் ஊரில் வருஷம் தவறாமல் காய்க்கிற மரம் எது என்று பெரியவர்களைக் கேளுங்கள், ஒட்டுக்குச்சியை அதில் எடுங்கள். தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டிகேடி 1 என்ற ரகம் அங்கிருந்து வந்ததுதான். ஒட்டுக் கட்டும் கையை அங்கே போய்ப் பழகிக்கொள்ளுங்கள்.

ஒட்டுக் கட்டுவதற்கான அடிக்கன்றைக் கொட்டையிலிருந்து வளர்க்க வேண்டும். அந்தக் கொட்டைக்குச் செலவே இல்லை, ஜூஸ் கடையில் எறிவதை வாங்கி வரலாம். ஆனால் காயவிட்டால் முளைக்காது. இரண்டு மூன்று வாரத்துக்குள் அகன்ற பக்கம் கீழே இருக்கும்படி ஊன்றிவிட வேண்டும். முதல் வருஷம் 200 பைக்கு மேல் வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பட்டுப்போன மரத்தடி மண்ணைப் பையில் நிரப்பாதீர்கள். வேரழுகல் மண்ணோடும் தண்ணீரோடும் போகும். இந்த மலையில் விருப்பாச்சி வாழைக்கு என்ன ஆனது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். முடிக்கொத்து நோய் பிடித்த தோட்டத்திலிருந்து பக்கக்கன்று தோட்டம் தோட்டமாகக் கை மாறியது, மீதியை அசுவினிப் பூச்சி பரப்பியது. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன அந்த வாழை எத்தனையோ தோட்டங்களில் இல்லாமலே போனது. தளர்ந்த கன்று ஒன்று தென்பட்டால் அந்தப் பையை மண்ணோடு அப்புறப்படுத்துங்கள், பாதி விலைக்குக்கூடக் கொடுக்காதீர்கள்.

வியாபாரி தையில் வரும்போது ஐந்து மரத்திலும் துணி கட்டி வையுங்கள், பேச்சு வராது. ஒரு நோட்டில் மரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, பறித்த கிலோ, கழிவு, விற்ற விலை, வண்டி வாடகை, கூலி எல்லாவற்றையும் அன்றன்றைக்கே எழுதுங்கள். ஆவணி முடிந்ததும் அந்த நோட்டோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். அடுத்த தையில் ஐந்தை எட்டாக்கலாமா, ஐந்தோடே நிறுத்தலாமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.