ஆச்சியின் நினைவு மலரில் எதை எழுதுவது?

கேள்வி: இடையன்குடிக்கு அருகில் ஒரு சிற்றூரில் வாழ்ந்த எங்கள் ஆச்சி சென்ற ஆண்டு 86 வயதில் காலமானார். முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்குச் சிறு மலர் ஒன்றை அச்சிட இருக்கிறோம். எழுதும் பொறுப்பு என்னுடையது. எதை எழுதினாலும் மரண அறிவிப்பைப் போலவே அமைகிறது. வேறு மதத்தவரை மணந்த என் அத்தையோடு ஆச்சி பத்து ஆண்டுகள் பேசாமல் இருந்ததையும், பிறகு தாமே பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனதையும் எழுதக் கூடாது என்கிறார் பெரியப்பா. நானோ கோயிலுக்கு (தேவாலயத்துக்கு)ப் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. நான் எழுதுவது தகுமா?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய வரைவைப் படித்தேன். இத்தகைய மலர்கள் சிலவற்றுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முகப்பிலுள்ள புகைப்படத்தை மறைத்துவிட்டால் இவர் யாருடைய ஆச்சி என்பது எவருக்கும் தெரியாது.

'குணசாலியான ஸ்திரீயைக் கண்டுபிடிப்பவன் யார்?' என்ற நீதிமொழிகள் 31:10-ஐ முதல் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். பொருத்தமான வசனம்தான், ஆனால் அதோடு நிறுத்திவிட்டீர்கள். அந்தப் பகுதி மொத்தம் 22 வசனங்கள், எபிரெய நெடுங்கணக்கின் வரிசையில் எழுத்துக்கு ஒன்றாக அமைந்தவை. ஆட்டுமயிரையும் சணலையும் தேடுவது, இருட்டோடே எழுந்து வீட்டாருக்கு ஆகாரம் கொடுப்பது, இராட்டினத்தில் கை வைப்பது, சிறுமையானவர்களுக்குக் கையைத் திறப்பது என்று அந்தப் பெண்ணின் கைவேலைகளையே வரிசையாகச் சொல்லிக்கொண்டு போய், 30-ஆம் வசனத்தில்தான் அவள் கர்த்தருக்குப் பயப்படுகிறவள் என்கிறது. நீங்களோ அந்த முடிவை முதலிலேயே சொல்லிவிட்டு, இடையிலுள்ள பத்தொன்பது வசனங்களையும் விட்டுவிட்டீர்கள்.

பரணில் கிடக்கும் ரேந்தைத் தலையணையை, அதாவது லேஸ் பின்னுவதற்கான திண்டைப் பற்றிக் கடிதத்தின் கடைசியில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மலர் அங்கே தொடங்கட்டும். நாகர்கோவிலில் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் பெண்களுக்குக் கற்பித்த ரேந்தைப் பின்னலை, அவருடைய மகள் எலைசா, 1844-இல் மிஷனரி கால்டுவெலை மணந்து இடையன்குடிக்கு வந்தபின் அவ்வூர்ப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். தாயிடமிருந்து மகளுக்கு வந்து ஆச்சியின் கைக்குச் சேர்ந்தது அந்த வேலைதான். அவர் பின்னி விற்ற காசு யாருடைய பள்ளிக் கட்டணமாயிற்று, எந்த அடகு நகையை மீட்டது, கோயில் பீடத்துணி எதிலாவது அவர் பின்னிய ஓரம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். உலை வைக்கும்போதெல்லாம் காணிக்கைக்கென்று ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கும் வழக்கம் உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். கையில் காசில்லாத மாதங்களில் அந்தக் கலயம் என்ன ஆயிற்று என்று பெரியப்பாவையே கேளுங்கள். மாதர் சங்கத்தில் எத்தனை ஆண்டுகள் பொறுப்பில் இருந்தார் என்பதை அதற்குப் பிறகு ஒரு வரியில் சொன்னால் போதும்.

தேதிகளுக்கு ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லிக் குருவானவரிடம் கேளுங்கள். தென்னிந்தியத் திருச்சபை உருவான 1947 செப்டம்பர் 27-க்கு முன் பிறந்தவர் ஆகையால், பழைய ஏடுகளைப் புரட்ட வேண்டியிருக்கும்.

வரைவில் ஆச்சியின் ஜெபத்தை இன்றைய நடைக்கு மாற்றியிருப்பது எனக்கு உடன்பாடில்லை. 'கிருபை', 'ஸ்தோத்திரம்', 'தாழ்ச்சியடையேன்' என்பவை உங்களுக்குப் பழைய தமிழாகத் தோன்றலாம். ஹென்றி பவர் தலைமையில், கால்டுவெலும் இருந்த குழு உருவாக்கி 1871-இல் வெளிவந்த வேதாகமத்தின் தமிழ் அது. ஆச்சி கடவுளோடு பேசிய தமிழும் அதுவே. ஆகவே அப்படியே இருக்கட்டும்.

இனி, அத்தையின் விஷயம். பெரியப்பாவின் தயக்கத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. இறந்தவர் அவருக்குத் தாய். ஆயினும் அவர் நேசிக்கும் வேதமே இப்படிப்பட்ட பிணக்குகளை மறைப்பதில்லை. மாற்குவை உடன் அழைத்துப்போவது பற்றி, சேர்ந்து ஊழியம் செய்த பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடுங்கோபம் மூண்டு இருவரும் பிரிந்ததை அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஆம் அதிகாரம் ஒளிவின்றிச் சொல்கிறது. தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாளுடைய விசுவாசத்தைப் பெயர் சொல்லிப் போற்றுகிற, தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்திலேயே (கடிதத்திலேயே), கடைசி அதிகாரத்தில், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வரும்படி பவுல் எழுதுகிறார். இதைப் பெரியப்பாவிடம் வாதமாக வைக்காமல், ஒரு மாலையில் சேர்ந்து வாசித்துப் பாருங்கள். பத்து ஆண்டு மௌனத்தை விட்டுவிட்டால், ஆச்சி பஸ் ஏறியதற்கு என்ன பொருள்? ஒரு தாய் மகள் வீட்டுக்குப் போனார் என்பது மட்டும்தான் மிஞ்சும்.

உங்கள் தகுதியைப் பற்றி நீண்ட பதில் வேண்டாம். இல்லாத விசுவாசத்தை இருப்பதாகக் காட்டி எழுதாதீர்கள். உங்கள் ஐயங்களை விளக்கவும் அந்த மலர் இடமல்ல. கண்டதையும் கேட்டதையும் எழுதுங்கள்.

ஆனால் அந்தப் பத்து ஆண்டுகளைப் பற்றி அச்சிட அனுமதி தர வேண்டியவர் பெரியப்பாவும் அல்லர், நீங்களும் அல்லர், அத்தைதான். அன்று வாசலில் ஆச்சி என்ன சொன்னார், கையில் என்ன கொண்டுவந்தார் என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரியும். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். இதைத் தொலைபேசியில் கேட்காமல், எழுதிய பக்கத்தை எடுத்துக்கொண்டு நேரில் போய், அவருக்கு வாசித்துக்காட்டிக் கேளுங்கள்.