புத்தகத் தலைப்பை வச்சு சின்ன குயில்ட் தைக்கணுமா? கதையை விடுங்க, தலைப்பை மட்டும் புடிங்க

ஏற்காட்டுல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க. அங்க ஏழெட்டு பேர் சேந்து புத்தகம் படிக்கிற குரூப் வச்சிருக்காங்களாம், ஆளுக்கொரு புத்தகத் தலைப்பை எடுத்து சுவத்துல மாட்டுற மாதிரி சின்ன ஆர்ட் குயில்ட் (மூணு அடுக்கு துணிய சேத்துத் தைச்சு செய்யிற துணிப்படம்) தைக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க, இவங்களுக்கு வந்தது அசோகமித்திரனோட ‘கரைந்த நிழல்கள்’. “கதை சினிமா எடுக்கிறவங்களப் பத்தினது, அதனால கேமரா, ஃபிலிம் ரோல்னு துணில வெட்டி வச்சுப் பாத்தேன், புள்ளைங்களோட ஸ்கூல் ப்ராஜெக்ட்டாதான் தெரியுது. என்ன பண்ணலாம்? என்ன சைஸ், என்ன துணி, நடுவுல என்ன வைக்கணும், தலைப்பை மேல எழுதணுமா, மழைக்காலத்துல பூஞ்சை புடிக்காம எப்படி காப்பாத்துறது?”

மொதல்ல அந்த கேமராவ எடுத்துருங்கக்கா. கதைக்குப் படம் போடணும்னா அதுக்கு பேப்பரும் பென்சிலும் போதும், துணி எதுக்கு. உங்க தலைப்புல ரெண்டே வார்த்தை, கரையிறது ஒண்ணு, நிழல் ஒண்ணு, அதிர்ஷ்டத்துக்கு ரெண்டுமே துணியால செஞ்சு காட்டக்கூடிய வேலை. கருநீலமோ சாம்பலோ காட்டன்ல ஒரு உருவம் வெட்டிக்கோங்க, மனுசனா மரமான்னு தெரியாத அளவுக்கு இருந்தா போதும், அது மேல ஆர்கன்சா துணிய, அதான் கீழ இருக்கது தெரியிற அந்த மெல்லிசு துணிய, அடுக்குங்க, ஒரு ஓரத்துல ஒண்ணுமே இல்லாம, அடுத்து ஒரு அடுக்கு, அப்பறம் ரெண்டு, மூணுன்னு போனா நிழல் தானா மங்கிக்கிட்டே போகும். கரையிற பக்கத்து ஓரத்த மடிச்சுத் தைக்காதீங்க, ஊசி முனையால குறுக்கு நூல ஒவ்வொண்ணா உருவி விடுங்க.

உங்க குரூப்ல மத்தவங்களுக்கும் இதேதான், தலைப்புல துணி செய்யக்கூடிய வேலை எதுன்னு மட்டும் தேடணும். கல்கியோட ‘அலை ஓசை’ கிடைச்சவங்க டெல்லியும் சுதந்திரப் போராட்டமும் காட்ட வேணாம், ஒரே கலர் துணில தையல் வரிய மட்டும் வச்சே அலைய எழுப்பலாம். ‘மோகமுள்’ யாருக்காவது வந்திருந்தா கொடுத்து வச்சவங்க, மெத்துனு ஒரு பட்டு, அதுல தடி நூல்ல ஒரே ஒரு முள்ளு, முடிஞ்சுது. அட்டைப்படத்த மட்டும் யாரும் காப்பி அடிக்க வேணாம். தலைப்புக்குன்னு தனியா காப்பிரைட் இல்லனு 2015ல ஒரு சினிமா தலைப்பு கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு, ஆனா அட்டை ஓவியம் வரைஞ்சவரோட வேலை, அது வேற.

சைஸ் எல்லாரும் 9க்கு 12 இன்ச்னு வச்சுக்கோங்க, நெட்டுக்குத்தா. புத்தகத்தோட அளவு சாயலும் வரும், வரிசையா மாட்டுனா ஒழுங்காவும் இருக்கும். இவ்ளோ சின்னதுக்கெல்லாம் குயில்ட்னு பேரான்னு கேக்காதீங்க, மேல் துணி, நடுவுல மெத்துனு ஒரு அடுக்கு, பின் துணி, மூணையும் சேத்துப் புடிக்கிற தையல், இது இருந்தா அது குயில்ட்தான். கட்டில்ல விரிக்கிறத சுவத்துக்கு ஏத்துனதுக்கு அமெரிக்காவுல பெரிய கண்காட்சியே நடக்குது, குயில்ட் நேஷனல்னு, 1979ல ஒஹாயோவுல ஒரு பழைய மாட்டுத் தொழுவத்துலதான் ஆரம்பிச்சாங்க.

துணிக்கு எங்கயும் அலைய வேணாம், சேலத்துக்காரங்களுக்கு துணிப் பஞ்சமா. தெரிஞ்ச டெய்லர்கிட்ட சொல்லி வச்சா பிளவுஸ் வெட்டுன மிச்சம் ஒரு கவர் நிறைய குடுப்பாங்க, இளம்பிள்ளை சேலை முந்தில மீந்தது, பழைய சுங்குடி, எல்லாம் ஆகும். உங்களுக்குன்னு ஒரு யோசனை சொல்றேன், வீட்ல யாரோட கல்யாணத்துக்கோ எடுத்த சேலம் வெண்பட்டு வேட்டி ஒண்ணு மடிப்பு மடிப்பா கிழிஞ்சு பொட்டில கிடக்கும் பாருங்க, அத எடுத்து பின்னணிக்கு வைங்க. பட்டுக்கு நெட்டுல ஒரு பளபளப்பு, குறுக்குல ஒரு பளபளப்பு, அதனால ஒரே வேட்டில ஒரு துண்ட நெட்டுவாக்குலயும் பக்கத்துத் துண்ட குறுக்குவாக்குலயும் திருப்பி வச்சு தைச்சீங்கன்னா ரெண்டு வெள்ளை தெரியும், நீங்க நகர நகர மாறும். தினமும் ஜன்னலுக்கு வெளிய பனிமூட்டம் பாக்குறவங்களுக்கு இதுக்கு மேல நான் சொல்லணுமா. பழைய பட்டு நூல் விட்டுப் போயிருக்கும், அதனால வெட்டுறதுக்கு முன்னாடியே பின்பக்கம் அயர்ன் பண்ணா ஒட்டிக்கிற மெல்லிசு கேன்வாஸ் போட்டுருங்க, அயர்ன் பாக்ஸ இழுக்காம வச்சு வச்சு எடுக்கணும், நடுவுல ஒரு காட்டன் துணி போட்டுக்கிட்டு. ஜரிகை பக்கம் சூடு கம்மி, இப்ப வர்ற ஜரிகைல பாதி பிளாஸ்டிக்தான், சுருண்டுக்கும்.

காட்டன எல்லாம் முதல்லயே அலசிருங்க. சுருங்குறது ஒரு காரணம், கஞ்சி போறது இன்னொண்ணு. செவப்பும் கருநீலமும் சாயம் விடுதான்னு ஈரத் துணிய ஒரு வெள்ளைத் துணி மேல வச்சு அயர்ன் பண்ணிப் பாருங்க, வெள்ளைல கலர் ஒட்டுனா அந்தத் துணி வேணாம், உங்க வெண்பட்டு பாழாயிரும். கீழ சேலத்துல இருக்கவங்க வழுக்குற துணிக்கு ஜவ்வரிசி கஞ்சி போட்டு விறைப்பாக்கி வெட்டலாம், நல்லா வரும், ஆனா மலை மேல நீங்க அதச் செய்யாதீங்க, மாவுச்சத்து பூஞ்சைக்கும் பூச்சிக்கும் தீனி.

நடு அடுக்குக்கு என்னன்னா, மெல்லிசு பாலியஸ்டர் வேடிங், அதாவது விரிப்பு மாதிரி வர்ற பஞ்சு. பொதுவா எனக்கு ஒரு அடுக்கு ஃபிளானல் துணிதான் புடிக்கும், சுவத்துல தட்டையா நிக்கும், ஆனா காட்டன் ஈரத்த உறிஞ்சி வச்சுக்கும், 1500 மீட்டர் உயரத்துல ஐப்பசி கார்த்திகைல அது காயவே காயாது. தலகாணிக்கு அடைக்கிற இலவம்பஞ்சு வேணவே வேணாம், ஒரு பக்கமா சேந்துக்கும்.

இப்ப தையல், இங்கதான் நிறைய பேருக்கு கெடுது. மூணு அடுக்கையும் முடிவு அளவ விட சுத்தி ஒரு இன்ச் பெருசா வெட்டி வச்சு நூலோட்டம் போட்டுக்கோங்க, ஆர்கன்சால குண்டூசி குத்துனா ஓட்டை அப்படியே நிக்கும், அதனால அங்க மட்டும் மெல்லிசு ஊசி. அப்பறம் நடுவுல இருந்து வெளிய தைச்சுக்கிட்டே வாங்க. தையல் நெருக்கமா விழுற இடம் உள்ள இழுத்துக்கும், விழாத இடம் அப்படியே நிக்கும், அதான் நடுவுல மட்டும் ஆசை ஆசையா தைச்சுட்டு ஓரத்த சும்மா விட்டா சுத்தி அப்பளம் மாதிரி நெளியிறது, எத்தன அயர்ன் போட்டாலும் போகாது. உங்க விஷயத்துல நிழல் இருக்க பக்கம் நெருக்கமாவும் கரையிற பக்கம் தூரமாவும் தைக்கத் தோணும், தோணாம இருக்காது, ஆனா கோணிக்கும். அதுக்கு ஒரு வழி இருக்கு, வரிக்கு வரி கால் இன்ச் இடைவெளின்னு முழுசுக்கும் ஒரே நெருக்கமா தைங்க, நூலோட கலர மட்டும் மாத்துங்க, கருப்பு, சாம்பல், வெளிர் சாம்பல், கடைசில பட்டோட வெள்ளையே. தையல் எல்லா இடத்துலயும் இருக்கும், கண்ணுக்கு நிழல் கரைஞ்சிரும். நேர் வரிதான்கிறதால கால் மெஷினே போதும், தையல கொஞ்சம் நீளமா வச்சுக்கோங்க, பட்டுக்கு 11ஆம் நம்பர் ஊசி.

தைச்சு முடிச்சதும் மூலைமட்டம் வச்சு சரியான அளவுக்கு வெட்டுங்க. ஓரத்துக்கு கலர் பட்டி கட்டாதீங்க, கரையிற ஒண்ணுக்கு ஃப்ரேம் போட்டா அங்கயே நின்னுரும். ரெண்டு இன்ச் பட்டைய முன்பக்கம் வச்சு தைச்சு, முழுசா பின்னாடி திருப்பி, கையால எம்மிங் பண்ணிருங்க.

மாட்டுறதுக்கு, 3 இன்ச் சதுரம் ரெண்ட குறுக்கா மடிச்சு முக்கோணமாக்கி மேல் ரெண்டு மூலைலயும் பின்னாடி தைச்சுக்கோங்க, ஓரம் எம்மிங் பண்றப்பவே அதுவும் சேந்துரும், அதுக்குள்ள ஒரு மூங்கில் குச்சி, 9 இன்ச்சுக்குக் கொஞ்சம் கம்மியா. கீழ் ரெண்டு மூலைல ஒரு கார்க் துண்டு ஒட்டி வச்சா சுவத்தத் தொடாம காத்து போகும், வெளிச்சுவர்ல மாட்டாதீங்க, உள்சுவர்தான் காயும். விடாம மழை பெய்யிற மாசத்துல எடுத்து வைக்கணும்னா காட்டன் துணில சுத்துங்க, பாலித்தீன் கவர் கூடாது. பூஞ்சைப் புள்ளி விழுந்துருச்சுன்னா ஈரத்தோட தேய்க்காதீங்க, நிழல்ல நல்லா காய விட்டு வெளிய கொண்டு போய் பிரஷ்ஷால தட்டுங்க.

தலைப்ப முன்னாடி எழுத வேணாம்ங்க, பாக்குறவங்க கொஞ்சம் யோசிக்கட்டும். பின்னாடி ஒரு சின்ன வெள்ளைத் துணில தலைப்பு, எழுதினவர் பேரு, உங்க பேரு, வருசம், இத எழுதி காய வச்சு அப்பறம் தைங்க. இல்ல எனக்கு எழுத்து வேணும்னு குரூப்ல யாராவது அடம் புடிச்சா, ரெண்டு பக்கமும் ஒட்டுற கோந்து ஷீட்டோட பேப்பர் பக்கத்துல எழுத்த இடவலம் மாத்தி வரையச் சொல்லுங்க, ‘ப’ திருப்புனாலும் ஒரே மாதிரி தெரிஞ்சு ஏமாத்தும், கொம்பும் சுழியும் கண்டிப்பா மாட்டி விடும், ஒட்டுறதுக்கு முன்னாடி கண்ணாடி முன்னால புடிச்சு வாசிச்சுப் பாத்துரச் சொல்லுங்க.